நான் வயது கூட்டி எழுதிய கல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த நில அளவர்கள் இருவர் பெரியகுளத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது சங்கிலி இழுக்கும் வேலை இல்லை. செயற்கைக்கோளோடு பேசும் கருவியை ஒரு கம்பின் மேல் நிறுத்தினால், இடம் எதுவென்று அதுவே சொல்லிவிடுகிறது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். மலையடிவாரத்தில் ஒரு கல், பின்னணியில் உறுமி மேளம், ‘மூவாயிரம் ஆண்டுப் பழைமையான கற்திட்டை’ என்று பெரிய எழுத்து. அதற்கு ஆதாரமாக, நான் எழுதிய பழைய கட்டுரையின் படம்.

“சார், இந்த மூவாயிரம் வருசத்த நூறு வருசமாக் கொறச்சதும் நீங்கதான்னு ஆபீஸ்ல சொல்றாக. ரெண்டுல எது சார் நெசம்?” என்று கேட்டார்.

கூட்டியவனும் நான்தான், குறைத்தவனும் நான்தான். கூட்டியது அச்சில் வந்து பலர் கைக்குப் போய்விட்டது. குறைத்தது ஓர் அலுவலகக் கோப்புக்குள் கிடக்கிறது. ஆகவே என் நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான் நில அளவராகச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், முள், சங்கிலி, மறுபடி வெயில். ஆனால் அங்கே பழகிய இரண்டு வழக்கங்கள் ஓய்வு பெறும் நாள்வரை என்னோடு இருந்தன. முதலாவது, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சங்கிலியைச் சோதிப்பது. அலுவலக முற்றத்தில் சரியான நீளத்துக்கு இரண்டு கற்கள் பதித்திருப்பார்கள். அவற்றுக்கிடையே சங்கிலியை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நாள்பட்ட சங்கிலி இழுபட்டு நீண்டிருக்கும். அதைக் கொண்டு அளந்தால் அளவு குறைவாக வரும், யாரோ ஒருவருடைய நிலம் தாளில் சுருங்கிப்போகும். இரண்டாவது, எல்லைக்கல்லை வெளியே தெரிவதை மட்டும் வைத்து நம்பாமல் இருப்பது. சுற்றிலும் மண்ணை எடுத்து அடிவரை பார்க்க வேண்டும். முதலில் நட்ட இடத்திலேயே நிற்கிறதா, பிடுங்கி நட்டதா என்பதை அடிமண் காட்டிக்கொடுத்துவிடும்.

மேகமலையில் இது ஒருமுறை நன்றாகவே பலித்தது. இரண்டு ஏலத் தோட்டங்களுக்கு எல்லைத் தகராறு. ஒரு தோட்டத்து மேஸ்திரி எங்களை அட்டைக் கடிக்குள் இழுத்துக்கொண்டு போய், பாசி படிந்த ஒரு கல்லைக் காட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் கல் என்று சத்தியம் செய்தார். எனக்குச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் கருத்தப்பாண்டி கடப்பாறையை எடுத்தார். அடிவரை மண்ணை எடுத்தபோது, கல்லுக்குக் கீழே பளபளவென்று ஒரு பிஸ்கட் உறை கிடந்தது.

“எலி கொண்டுபோயிருக்கும் சார்” என்றார் மேஸ்திரி.

“எலி கல்லத் தூக்கி அடியில வச்சிட்டு, திரும்ப நட்டு, பாசியவும் ஒட்டிட்டுப் போயிருச்சாக்கும்?” என்றார் கருத்தப்பாண்டி. மேஸ்திரியே சிரித்துவிட்டார். அன்று மாலை அவர்களே உண்மையான கல் இருந்த இடத்தைக் காட்டினார்கள்.

இவ்வளவு கறாராக இருந்த நான், விடுமுறை நாள்களில் வேறு ஆளாகிவிடுவேன். வரலாற்று நூல்களை விடாமல் படிப்பேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய் நடுகல், சதிக்கல், பாறைக் கீறல் என்று குறித்துக்கொண்டு வருவேன். நாள், கிழமை, நேரம், நீளம், அகலம் எல்லாம் நோட்டில் இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தேவதானப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அந்தக் கல்லைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஒரு காட்டின், அதாவது புன்செய் நிலத்தின், ஓரத்தில் இரண்டு கற்கள் செங்குத்தாக நின்றன. அவற்றின் மேல் ஒரு பலகைக்கல் படுத்திருந்தது. தரையிலிருந்து பலகையின் மேற்பக்கம் இரண்டடி ஏழு அங்குலம். அந்த அமைப்பைப் பார்த்தவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இறந்தவர்களுக்காக மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கற்திட்டைகளை மலைமேல் நான் பார்த்திருக்கிறேன். பலகைக் கற்களால் ஆன சின்ன அறை போல இருக்கும். இங்கே இரண்டு பக்கம்தான் இருந்தன. மூன்றாவது பக்கத்துப் பலகையை யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சுமைதாங்கியாக இருக்குமோ என்றும் ஒரு கணம் தோன்றியது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நிறுத்தும் கல் அது. இறக்கி வைக்காமலே போனவளுக்காக, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற ஓர் இடம். ஆனால் அதற்கு உயரம் வேண்டும். துணையில்லாமல் சுமையை இறக்கவும் ஏற்றவும் தோள் மட்டத்துக்காவது இருக்க வேண்டும். இரண்டடி ஏழு அங்குலத்தில் எந்தச் சுமையை இறக்குவது? பக்கத்தில் பாதையும் இல்லை. ஆகவே சுமைதாங்கி அல்ல என்று எழுதினேன். தேநீர்க்கடையில் நாலு பேரையும் ஒரு பள்ளி ஆசிரியரையும் விசாரித்தேன். அடுத்த ஆண்டு ஒரு விழா மலரில் ஆறு பக்கக் கட்டுரை வந்தது. அதை எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று எண்ண முடியாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போயின. நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் இருக்கும்போது, ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை, எங்கள் நில அளவை ஆய்வாளர் என்னை அழைத்தார்.

அவர் பெயர் செல்வநாயகி என்று வைத்துக்கொள்ளலாம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். துணியின் முந்தியை விரலால் தேய்த்துப் பார்ப்பவரைப் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் தேய்த்துப் பார்ப்பார். அறிக்கைகளை உட்கார்ந்து படிக்க மாட்டார். சன்னல் ஓரம் நின்று, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுவார். கண்ணால் பார்த்ததற்கு ‘க’. காதால் கேட்டதற்கு ‘கா’. மனத்தால் நினைத்ததற்கு ‘ம’. ‘ம’ போட்ட வரி ஒன்று இருந்தாலும் அறிக்கை திரும்பி வந்துவிடும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது “மதியம் பாப்போம் சார்” என்பார், அவ்வளவுதான். அலுவலகத்தில் எல்லாரும் அந்தப் பென்சிலைக் கண்டு நடுங்கினார்கள். என் அறிக்கைகளில் அதற்கு வேலை இருக்காது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

அன்று அவர் நீட்டியது ஒரு மனுவின் நகல். ஊரிலிருந்த வரலாற்று மன்றம் ஒன்று மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பியிருந்தது. மூவாயிரம் ஆண்டுக் கற்திட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும். அதற்குப் பதினைந்து அடி தள்ளி ஒரு பெண் கிணறு வெட்டுகிறார், அதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கிணறு இரண்டு ஆள் ஆழத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. மனுவோடு இணைத்திருந்த ஒரே ஆதாரம் என் கட்டுரை.

“இது யாரு எழுதுனது சார்?”

“நான்தான் மேடம். ரொம்ப நாளாச்சு.”

அவர் சன்னல் ஓரம் போனார். பென்சிலை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆறு பக்கமும் முடிந்தபின் கட்டுரையை என் கையில் கொடுத்தார். நீள அகலங்களுக்கு ‘க’ இருந்தது. தேநீர்க்கடைக்காரர்கள் சொன்னதற்கு ‘கா’ இருந்தது. மற்றவை எல்லாம் ‘ம’. மூன்றாவது பலகைக்கு ‘ம’. மூவாயிரத்துக்கு இரண்டு ‘ம’.

“அந்தக் காடு யாருதுன்னு எழுதியிருக்கீக. அவுககிட்டப் பேசுனதா ஒரு வரிகூட இல்லியே?” என்றார்.

காட்டுக்காரர்கள் ஊரின் மறுகோடியில் கோயில் தெருவில் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். கோயில் என்றால் மாதா கோயில். தொல்பழங்காலச் சின்னத்தைப் பற்றி அவர்களிடம் கேட்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். இருபது ஆண்டுகள் கழித்து அந்த ‘ம’ என் கண்முன் நின்றது.

“இடத்த அளந்து குடுக்குறதுதான் நம்ம வேல. ஆனா ஆதாரம் உங்க பேர்ல நிக்குது. அதனால கல்லப் பத்தித் தனிக் குறிப்பு ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சரின்னாலும் சரி, தப்புன்னாலும் சரி.”

முதலில் ஆவண அறைக்குப் போனேன். துணி ஒட்டிய பழைய கிராம வரைபடத்தை விரித்தேன். அந்தக் காட்டின் ஓரத்தில் மெல்லிய இரட்டைப் புள்ளிக்கோடு ஓடியது. வண்டிப்பாதை. பிற்கால வரைபடத்தில் அது இல்லை. தார்ச்சாலை வந்ததும் பாதை கைவிடப்பட்டு, உழவுக்குள் போயிருக்கிறது. கட்டுரைக்கு முன்பே இதை ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். அறையின் சாவி என் மேசையில்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு பத்துக்குக் கருத்தப்பாண்டியோடு அந்தக் காட்டுக்குப் போனேன். கிணற்றுக்குரியவர் பெயர் அருளாயி. ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள். தார்ச்சாலைக் குழாயிலிருந்து தலையில் குடம் சுமந்து வந்து மாங்கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வரிசைக்கு நான்கு என்று கன்றுகள் காய்ந்து நின்றன.

“வாங்க சார். கல்லுக்கு வயசு சொன்ன சார் நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“கல்லுக்கு மூவாயிரம் வயசு வச்சீக. என் கன்னுகளுக்கு ஒரு வயசுகூட முடியல, சாகக் கெடக்கு. அதையும் எழுதிக்கிடுங்க.”

கருத்தப்பாண்டி சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து, கன்றுகளை எண்ணி எழுதினேன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “இந்தக் கல்லப் பத்தி உங்க வீட்டுல என்ன சொல்லுவாக?”

“அது எங்க சுமதாங்கி ஆத்தா சார். எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டனாரு சவரிமுத்துன்னு. அவுகளோட மொதத் தாரம், பிள்ள வயித்துல இருக்கப்பவே போயிட்டாக. அவுகளுக்கு நட்டது. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு இங்கன வந்து மெழுகுதிரி ஏத்தித் தண்ணி வைப்போம்.”

“இத நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டாக? மன்றத்துக்காரக வந்தாக, போட்டோப் புடிச்சாக, கிணத்த நிறுத்துன்னாக. நான் சொன்னேன். படிச்சவக எழுதியிருக்காக, ஒனக்கு என்ன தெரியும்னாக.”

அன்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் நாள் பார்வைக் குறிப்பில், உயரத்துக்குக் கீழே என் கையெழுத்திலேயே இருந்தது: ‘பலகையின் நடுவில் மெழுகுக் கறை. இளைஞர்கள் பொறுப்பில்லாமல் செய்திருக்கிறார்கள்.’ பார்த்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன்.

ஆனால் குடும்பத்தின் பேச்சு ‘கா’ தான். அதை மட்டும் வைத்து மனுவைத் தள்ள முடியாது. உயரம் இன்னும் இடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஆயிரக்கணக்கான எல்லைக்கற்களை அடிவரை தோண்டிப் பார்த்த நான், இந்த ஒரு கல்லை மட்டும் தரைக்கு மேலே அளந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நினைவுச்சின்னமாக இருக்கலாம் என்று மனு இருக்கும்போது நாமாகக் கடப்பாறை போட முடியாது. ஆய்வாளர் எழுதிக் கேட்டார். தொல்லியல் அலுவலர் ஒருவர் வந்து நேரில் இருக்க இசைந்தார். சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எல்லாரும் கூடினோம். மன்றத் தலைவரும் வந்திருந்தார். என் கட்டுரையைப் பாராட்டி எனக்குத் துண்டு போர்த்தியவர் அவர்.

“நீங்க எழுதுனத நீங்களே தோண்டப் போறீகளா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

“அன்னைக்கே தோண்டியிருக்கணும். இன்னைக்காவது தோண்டுறேன்” என்றேன்.

அலுவலர் ஒரு பக்கம் மட்டும், ஒன்றரை அடி அகலத்தில், அடுக்கடுக்காக மண்ணெடுக்கச் சொன்னார். கருத்தப்பாண்டி கடப்பாறையை வைத்துவிட்டுக் கொத்தும் கரண்டியுமாக உட்கார்ந்தார். முதலில் உழவு மண். அதன்பின் மெல்லிய மணல், கீழே வண்டல், மறுபடி மணல். மலையிலிருந்து வரும் ஓடை உடைத்துக்கொண்டு வந்து போட்டுப்போட்டு உயர்ந்த தரை. சரியாக இரண்டடிக்குக் கீழே கரண்டி டங்கென்றது. சரளை இறுகிய கெட்டித் தளம். வண்டிப்பாதை. கல்லின் அடிமண் அதோடு இறுகி ஒட்டியிருந்தது, பிடுங்கி நட்ட தடம் இல்லை. நான் டேப்பை இறக்கினேன். அந்தத் தளத்திலிருந்து பலகையின் மேற்பக்கம் நாலடி ஏழு அங்குலம்.

தோள் மட்டம். தொல்லியல் அலுவலரும் அளவை ஒருமுறை எடுத்துப் பார்த்து, தலையசைத்து எழுதிக்கொண்டார்.

கருத்தப்பாண்டி கல்லில் ஒட்டியிருந்த வண்டலைக் கையால் துடைத்தார். கல்லைப் பிளக்கப் பிற்காலக் கொத்தர்கள் வரிசையாக இடும் ஆப்புக்குழிகள் ஓரத்தில் தெரிந்தன. நடுவில், ஒரு சாண் உயரமுள்ள ஒரு சிலுவை.

“சார், மூவாயிரம் வருசம்னா ஏசுசாமி பொறக்கவே இன்னும் ஆயிரம் வருசம் கெடக்கே” என்றார்.

அருளாயிதான் முதலில் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. “பழைய கல்லுல பின்னால வந்தவக செதுக்கியிருக்கலாம்ல?”

“இருக்கலாம். அதுக்குப் பதில் இன்னும் எங்கிட்ட இல்ல. தேடிக் குடுக்குறேன்” என்றேன்.

அந்தப் பதிலுக்காக மூன்று பிற்பகல்கள் பங்குக் கோயிலான அந்த மாதா கோயிலின் அடக்கப் பதிவேட்டோடு உட்கார்ந்தேன். பங்குத் தந்தை ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், நாலு மணி தாண்டியதும், மங்கிய மையில் அந்த வரி கிடைத்தது. நாளும் மாதமும் ஆண்டும் இருந்தன. ‘சவரிமுத்து மனைவி ஞானப்பூ, வயது பத்தொன்பது, வயிற்றில் சிசுவோடு.’ நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னே. அதை மூன்று முறை சரிபார்த்து எழுதிக்கொண்டேன்.

இதிலும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. அந்த வரி இறந்த நாளைச் சொல்கிறது, கல் நின்ற நாளைச் சொல்லவில்லை. ஆகவே குறிப்பில் இப்படி எழுதினேன்: பாதைத் தளத்திலிருந்து உயரமும், தளத்தோடு ஒட்டிய அடிமண்ணும், ஆப்புக்குழிகளும், சிலுவையும், குடும்ப வழக்கும், பதிவேடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இது சவரிமுத்துவின் மனைவிக்கு எழுப்பிய சுமைதாங்கி என்றால், இன்ன நாளுக்கு முன் இது நின்றிருக்க முடியாது. எந்த நாளில் நின்றது என்பது தெரியவில்லை. குறிப்பின் முதல் வரி: ‘இக்கல்லைக் கற்திட்டை என்று முன்பு எழுதியவன் நானே, அது தவறு.’

இரண்டு பக்கம். ஆய்வாளர் சன்னல் ஓரம் போனார். ‘க’, ‘கா’ என்று பென்சில் இறங்கியது. ஒரு ‘ம’ கூட விழவில்லை. கடைசியாக முதல் வரிக்குத் திரும்பி வந்தார்.

“இதுக்கு என்ன எழுத்துப் போட?”

“தெரியல மேடம்.”

அந்த ஓரத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்களும் உண்டு. எதையும் சட்டம் போட்டு மாட்டவில்லை. அந்த இரண்டு பக்கத்தின் நகலை மட்டும் மாட்டி வைத்திருக்கிறேன். வந்தவர்கள் கேட்டால் சந்தோஷமாகவே விளக்குவேன்.

தொல்லியல் அலுவலரும் அதே கருத்தில் எழுதினார். ஆனி முடிவதற்குள் தடை நீங்கியது. மன்றத் தலைவர் ஓராண்டு என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, வேறொரு நடுகல்லைப் பார்க்க அழைத்தார். இம்முறை மண்வெட்டியும் எடுத்து வந்திருந்தார்.

பதிவேட்டு வரியின் நகலை அருளாயியிடம் கொடுத்தபோது அவர் பெயரை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆத்தா என்று மட்டுமே அந்த வீட்டில் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. “பத்தொம்பதா?” என்றார். “சின்னப்புள்ளயல்ல சார் அது.”

ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் முன்னால், கிணற்றில் தண்ணீர் ஊறியது. திருநாள் காலையில் நானும் கருத்தப்பாண்டியும் போனோம். குடும்பத்தார் கல்லைச் சுற்றி மண்ணை வாரி, பழைய பாதைத் தளம் வரை இறக்கியிருந்தார்கள். அதுவரை அவர்கள் அந்தப் பலகையில் மெழுகுதிரி ஏற்றியது மண்டியிட்டுத்தானாம்.

அருளாயி கிணற்றிலிருந்து நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடந்து வந்தார். மகள் ஓடிப்போய்க் கைகொடுக்கப் பார்த்தாள். “நீ சும்மா இருடி” என்றார். கல்லின் முன் வந்து நின்று, கழுத்தைச் சற்றே சாய்த்தார். குடம் தலையிலிருந்து நேரே பலகைக்கு இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“ஞானப்பூ ஆத்தா, தண்ணி வந்திருச்சு” என்றார்.